இரண்டாம் சுற்றுக்கு யார் துணை?

விடிகாலையில் தல்லாகுளத்திலிருந்து ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கம் திரும்பினால், எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தை நோக்கிப் போகும் பிள்ளைகளைப் பார்க்கலாம். நகரத்துப் பிள்ளைகளோடு, சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்தவர்களும் இருப்பார்கள். அவர்களில் பலருக்குக் கனவு ஒலிம்பிக் அல்ல, காக்கிச் சட்டை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய எத்தனையோ பிள்ளைகள் அந்த மைதானத்தில்தான் வேலையைக் கோட்டை விட்டார்கள்.

அந்த 1,500 மீட்டருக்குத் தடகளத்தில் ஒரு பெயர் உண்டு: நடுத்தூர ஓட்டம். காவலர் வேலைக்காக ஓடும் நம் சேரிப் பிள்ளைகள், உலகின் மிகக் கடினமான ஓட்டங்களில் ஒன்றைத்தான் பெயர் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஓட்டத்தைப் பற்றியும், அதில் ஆசிய மேடைவரை போன நம் பெண் ஒருவருக்கு நேர்ந்ததைப் பற்றியும் இந்த வாரம் பேசுவோம்.

சுற்றுக் கணக்கு

தடகளம் என்பது ஓட்டம், தாண்டுதல், எறிதல் மூன்றும் சேர்ந்தது. ஓட்டத்தில் 100, 200, 400 மீட்டர் குறுந்தூரம். 800, 1,500 மீட்டர் நடுத்தூரம். 5,000, 10,000 மீட்டர் நெடுந்தூரம். முறையான ஓடுதளத்தின் ஒரு சுற்று 400 மீட்டர். ஆக 800 மீட்டர் என்பது இரண்டு சுற்று, 1,500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. நம் பள்ளி மைதானங்களில் பெரும்பாலும் 200 மீட்டர் சுற்றுதான் சுண்ணாம்புக் கோடாகப் போட்டிருக்கும். அங்கே 800 மீட்டருக்கு நான்கு முறை சுற்ற வேண்டும்.

குறுந்தூர ஓட்டத்தில் குனிந்து, தரையில் கையூன்றிக் கிளம்புவார்கள். நடுத்தூரத்தில் நின்றபடியே கிளம்ப வேண்டும். 'ஆன் யுவர் மார்க்' என்ற குரலுக்கு அடுத்ததாகத் துப்பாக்கிச் சத்தம்தான், இடையில் 'செட்' கிடையாது. 800 மீட்டரில் முதல் வளைவு முடியும்வரை அவரவர் தடத்திலேயே ஓட வேண்டும். அதன்பிறகு எல்லோரும் உள்பக்கத் தடத்துக்கு இறங்கலாம். அங்கேதான் முழங்கையும் தோளும் உரசும். உள்ளே மாட்டிக்கொண்டால் முன்னே போக வழி இருக்காது, வெளியே ஓடினால் தூரம் கூடும். கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள்.

100 மீட்டர் ஓட்டக்காரர் இருக்கும் வேகத்தை எல்லாம் கொட்டிவிட்டு ஓடுகிறார். நெடுந்தூர ஓட்டக்காரர் மூச்சைச் சீராக வைத்துக்கொண்டு ஓடுகிறார். 800 மீட்டர்காரர் இரண்டையும் செய்தாக வேண்டும். முதல் சுற்றை ஏறக்குறையக் குறுந்தூர வேகத்தில் முடித்தபிறகு, தசைக்குத் தேவையான ஆக்ஸிஜனை மூச்சால் கொடுத்து முடியாது. தசையில் அமிலத்தன்மை ஏறும், தொடை கல்லாகும், கை தூக்க வராது. அந்த நிலையில்தான் இரண்டாம் சுற்று தொடங்குகிறது.

கென்யாவின் டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். முதல் சுற்றுக்கு 49.28 விநாடி, இரண்டாம் சுற்றுக்கு 51.63 விநாடி. உலகின் ஆகச் சிறந்த ஓட்டத்திலும் இரண்டாம் சுற்று இரண்டு விநாடிக்கு மேல் தளர்ந்திருக்கிறது. காவலர் தேர்வின் 7 நிமிடக் கணக்குப்படி ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி அனுமதி உண்டு. அந்த ஒரு சுற்று நேரத்துக்குள் ருடிஷா இரண்டு சுற்றை முடித்துவிட்டார்.

பெண்களுக்கு 32 ஆண்டு தடை

இந்த ஓட்டத்தில் பெண்கள் நுழைந்த கதையும் எளிதல்ல. 1928-ம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்ததும் சிலர் களைத்துத் தரையில் சாய்ந்தார்கள். ஆண்களும் அப்படித்தான் சாய்வார்கள். ஆனால் பத்திரிகைகள் அதைப் பெரிதாக்கி, பெண்ணுடல் இதைத் தாங்காது என்று எழுதின. அதோடு ஒலிம்பிக்கிலிருந்து பெண்கள் 800 மீட்டர் நீக்கப்பட்டது. மறுபடி வந்தது 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான். 1,500 மீட்டருக்கு 1972 மியூனிக் ஒலிம்பிக் வரை பெண்கள் காத்திருந்தார்கள்.

பெண்ணுடல் தாங்காது என்ற பேச்சு மெல்ல நின்றது. நன்றாக ஓடும் பெண் உண்மையில் பெண்தானா என்ற கேள்வி அந்த இடத்துக்கு வந்தது. அந்தக் கேள்விக்கு இரையான தமிழ்ப் பெண்தான் சாந்தி சௌந்தரராஜன்.

கத்தக்குறிச்சியிலிருந்து தோஹா

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் ஒரு தலித் குடும்பத்தில் 1981-ல் பிறந்தவர் சாந்தி. பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். வேலை தேடி அவர்கள் வெளியூர் போய்விட, ஐந்து பிள்ளைகளில் மூத்தவரான சாந்திதான் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டார். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத குடிசை. ஓட்டக்காரரான தாத்தா, பேத்திக்கு 13 வயதானபோது வீட்டுக்கு வெளியே இருந்த மண் பாதையில் ஓடக் கற்றுக்கொடுத்தார். ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக் கொடுத்தார்.

எட்டாம் வகுப்பில் முதல் கோப்பை. பிறகு பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் அடுத்தடுத்துக் கோப்பைகள். பக்கத்து மேல்நிலைப் பள்ளியின் விளையாட்டுப் பயிற்சியாளர் அவரைக் கவனித்து அழைத்துக்கொண்டார். கட்டணம், சீருடை, சாப்பாடு எல்லாம் பள்ளியே பார்த்துக்கொண்டது. மூன்று வேளையும் சாப்பிடும் வாழ்க்கை சாந்திக்கு அங்கேதான் தொடங்கியது. பிறகு உதவித்தொகையில் புதுக்கோட்டையில் கல்லூரி, அடுத்து சென்னையில் கல்லூரி. 2005-ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார்.

2006 டிசம்பரில் கத்தார் நாட்டின் தோஹாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. 800 மீட்டர் இறுதியில் பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமால் முதலில் வந்தார். இரண்டாம் இடத்தைச் சாந்தி 2 நிமிடம் 3.16 விநாடியில் பிடித்தார். மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனைக்கும் அவருக்கும் இடைவெளி 0.03 விநாடி. சூளைத் தொழிலாளி மகளுக்கு ஆசிய வெள்ளி.

ஓட்டம் முடிந்தபின் மருத்துவர்கள் அவரை அழைத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், உடைகளைக் களையச் சொல்லிப் பரிசோதித்தார்கள். அது என்ன சோதனை, எதற்காக என்று அவருக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. தனக்கு எதுவும் முறையாக விளக்கப்படவில்லை என்று சாந்தி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருக்கே விளக்கப்படாத மருத்துவ விவரம், சில நாட்களில் உலகம் முழுக்கச் செய்தியானது. பாலினச் சோதனையில் தேறவில்லை என்றார்கள். பதக்கம் பறிக்கப்பட்டது. ஓடும் வாழ்க்கை 25 வயதில் முடிந்தது.

சாந்தி எந்த ஊக்கமருந்தும் உட்கொள்ளவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்தது முதல் பெண்ணாக வளர்ந்து, பெண்ணாகப் பள்ளியில் சேர்ந்து, பெண்ணாக ஓடியவர். இயற்கை கொடுத்த உடலைத் தவிர அவர்மீது வேறு குற்றச்சாட்டு இல்லை.

அன்றைய முதல்வர் கருணாநிதி, பதக்கம் பறிபோன பிறகும் அறிவித்தபடி 15 லட்சம் ரூபாயைக் கொடுத்தார். அந்தப் பணத்தில் சாந்தி புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்கூடம் நடத்தினார். ஆனால் நிலையான வருமானம் இல்லை. 2012-ல் அவர் நாள் கூலி 200 ரூபாய்க்குச் செங்கல் சூளையில் வேலை செய்வதாகச் செய்தி வந்தபோது நாடு தலைகுனிந்தது. அதன்பிறகு பெங்களூருவில் தடகளப் பயிற்றுநர் பட்டயம் படித்தார். மதுரையைச் சேர்ந்த கோபி சங்கர் போன்ற செயல்பாட்டாளர்கள் அவருக்காகத் தொடர்ந்து மனுப் போட்டார்கள். விவகாரம் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம்வரை போனது. 2016-ல் தமிழக அரசு அவரைத் தடகளப் பயிற்றுநராக நிரந்தரப் பணியில் அமர்த்தியது. வேலை கிடைத்தது, பதக்கம் திரும்பவில்லை.

வழக்காட ஆள் இருந்தால்

சாந்திக்கு இல்லாதது என்ன என்பதைப் புரிந்துகொள்ள இன்னொரு பெண்ணைப் பார்க்க வேண்டும். ஒடிசாவின் நெசவாளர் வீட்டுப் பெண் டூட்டி சந்த். 2014-ல் அவர் உடலில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு அதிகம் என்று சொல்லி ஓடத் தடை விதித்தார்கள். ஆனால் இந்த முறை நாட்டின் விளையாட்டு ஆணையம் அவருக்குத் துணை நின்றது. சாந்திக்காக முன்பே குரல் கொடுத்துவந்த ஆய்வாளர் பயோஷ்னி மித்ரா பக்கத்தில் இருந்தார். வழக்கறிஞர்கள் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். 2015 ஜூலையில் அந்த விதியையே மன்றம் நிறுத்திவைத்தது. டூட்டி 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார்.

எட்டே ஆண்டு இடைவெளி. அதே நாடு, அதே மாதிரி ஏழைக் குடும்பம். ஒருவருக்குப் பக்கத்தில் சட்டம் தெரிந்த ஆள் இருந்தார், ஒருவருக்கு இல்லை. சாந்தியின் கதி என்னவானது என்று பார்த்த பிறகுதான் டூட்டியைக் காக்க ஆட்கள் சேர்ந்தார்கள் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

சர்ச்சை இன்னும் ஓயவில்லை. 2018-ல் கொண்டுவந்த புது விதி 400 மீட்டர் முதல் ஒரு மைல்வரை, அதாவது பெரும்பாலும் நடுத்தூர ஓட்டங்களையே குறிவைத்தது. 800 மீட்டர் உலக சாம்பியனான தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா, மருந்து சாப்பிட்டு உடலின் இயல்பைக் குறைத்துக்கொள்ள மறுத்து வழக்காடினார். 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சுவிட்சர்லாந்தில் அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஓடுகிறவர்கள் ஒருமுறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துவிட்டது.

பெண்கள் பிரிவில் நியாயமான போட்டி வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாம் கேட்பது வேறு. சோதனை என்றால் முதலில் அந்தப் பெண்ணுக்கு அவள் மொழியில் விளக்க வேண்டும். அவள் சம்மதிக்க வேண்டும். முடிவு அவளிடம் மட்டும் சொல்லப்பட வேண்டும், தொலைக்காட்சியிடம் அல்ல. தடை என்றால் மேல்முறையீட்டுக்கு அரசே வழக்கறிஞர் வைத்துத் தர வேண்டும். அடுத்த சாந்தி எந்தக் குடிசையிலிருந்து வருவாள் என்று யாருக்கும் தெரியாது.

தல்லாகுளத்தில் படித்த ரேவதி

சரியான நேரத்தில் துணை கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரையிலேயே சாட்சி உண்டு. சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். கூலி வேலை செய்து அவரையும் தங்கையையும் வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். பெண்பிள்ளையை ஏன் ஓடவிடுகிறாய் என்று அக்கம்பக்கம் கேட்டதைப் பாட்டி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பள்ளிப் போட்டியில் வெறுங்காலில் ஓடிய ரேவதியைக் கண்டெடுத்தவர் ரேஸ்கோர்ஸ் மைதானத்தின் பயிற்சியாளர் கண்ணன். தினமும் மைதானத்துக்கு வந்துபோகப் பேருந்துக் காசு இல்லாத வீடு அது. தல்லாகுளத்தில் உள்ள லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க அவர் வழிசெய்தார். கல்லூரியில் ரேவதி எடுத்த பாடம் நம் தமிழ்தான். கல்லூரிப் போட்டிகளிலும் வெறுங்காலோடு ஓடியவருக்கு ஷூ பிறகுதான் வந்தது. 100, 200 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தவரைத் தேசிய முகாமில் 400 மீட்டருக்கு மாற்றினார்கள். தெற்கு ரயில்வேயில் வேலையும் கிடைத்தது. 2021 ஜூலையில் பாட்டியாலா தகுதிப் போட்டியில் 53.55 விநாடியில் ஓடி முதலில் வந்தார். அந்த மாத இறுதியில் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் 4×400 தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அந்த அணியின் நால்வரில் ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய மூவர் தமிழ்நாட்டவர்.

கால் மட்டும் ரேவதியை டோக்கியோவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. பாட்டியின் பிடிவாதம், பயிற்சியாளரின் அக்கறை, கல்லூரி விடுதியின் சோறு, ரயில்வே சம்பளம் என ஒவ்வொன்றும் உரிய நேரத்தில் வந்தது. முதல் சுற்றை நம் பிள்ளைகள் சொந்தத் தெம்பில் ஓடிவிடுவார்கள். இரண்டாம் சுற்றுக்குத்தான் துணை வேண்டும்.

செருப்பும் சட்டமும்

ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். சாந்தியின் தாத்தா வாங்கிக் கொடுத்த ஷூவை அந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் பட்டியல் சாதியினர் செருப்பு அணிவதையும் சைக்கிள் ஓட்டுவதையும் தடுப்பது குற்றம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பொதுப் பாதையைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் அதே சட்டத்தின் கீழ் குற்றம். அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடத்தில் சாதியைக் காட்டி யாரையும் தடுக்க முடியாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு. ஊராட்சி மைதானம் அதில் அடங்கும்.

இன்றும் பல ஊர்களில் மைதானம் ஊர்ப்பக்கம் இருக்கிறது, காலனிப் பிள்ளைகள் வாய்க்கால் கரையில் ஓடுகிறார்கள். காலனிப் பெண்பிள்ளை டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு ஊர்ச்சாலையில் ஓடினால் கேலி வருகிறது. தனியாக ஓடும் பிள்ளையை மடக்குவது சுலபம். பத்துப் பேராக ஓடுங்கள்.

ஓடத் தொடங்கும் மாணவருக்கு

முதல் மாதம் வேகம் வேண்டாம். பேச்சு தடைபடாத அளவுக்கு மெதுவாக 20 நிமிடம், வாரத்துக்கு நான்கு நாள் ஓடினால் போதும். மூச்சு பழகியபின் வாரம் ஒருநாள் வேகப் பயிற்சி: 200 மீட்டர் வேகமாக, 200 மீட்டர் நடை, இப்படி ஆறு முறை. பிறகு அதையே 400 மீட்டராகக் கூட்டலாம். 800 மீட்டரில் பழகாதவர் செய்யும் தவறு முதல் 200 மீட்டரிலேயே பறப்பது. ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு சுற்றுக்கும் இடையிலான வித்தியாசம் குறையக் குறைய உங்கள் ஓட்டம் தேறுகிறது என்று பொருள். மதுரை வெயிலில் காலை ஏழரைக்குமேல் ஓட வேண்டாம்.

விலை உயர்ந்த பவுடர் தேவையில்லை. நிலக்கடலை, முட்டை, கேழ்வரகு, முருங்கைக்கீரை போதும். இரத்தச் சோகை இருந்தால் நடுத்தூரம் ஓட முடியாது. பெண்பிள்ளைகள் பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடக்கூடாது. மாதவிடாய் நாளில் உடம்பு ஒத்துழைத்தால் ஓடலாம், இல்லையென்றால் ஓய்வெடுக்கலாம்.

யார் கொடுத்தாலும் பெயர் தெரியாத மாத்திரையும் ஊசியும் வேண்டாம். திருச்சி மாவட்டம் முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில், அதே தோஹாவில், ஆசியத் தடகளப் போட்டியின் 800 மீட்டரில் தங்கம் வென்றார். பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் நாண்ட்ரோலோன் இருந்ததாகச் சொல்லி நான்கு ஆண்டு தடை விதித்தார்கள், தங்கமும் போனது. தான் அப்படி எதையும் உட்கொள்ளவில்லை என்றார் கோமதி. ஆனால் விதிப்படி உடலில் இருப்பதற்கு ஓடுகிறவரே பொறுப்பு, தெரியாது என்பது எளிதில் செல்லாது. சாந்தியின் வழக்கும் இதுவும் ஒன்றல்ல. அங்கே பிறந்த உடலே குற்றமாக்கப்பட்டது, இங்கே உடலுக்குள் போனது கேள்வியானது. இரண்டையும் குழப்பிப் பேசுகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பள்ளியில் குறுவட்டப் போட்டியில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று படி ஏற வேண்டும். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு 600 மீட்டர், அதற்கு மேல் 800, 1,500 மீட்டர். முதலமைச்சர் கோப்பைப் போட்டியும் உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு ஆண்டுதோறும் தேர்வு நடக்கிறது. தேர்வானால் தங்குமிடம், உணவு, பயிற்சி எல்லாம் இலவசம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. இந்த அறிவிப்புகள் நம் காலனிக்கு வந்து சேருவதில்லை. படித்த பிள்ளைகள் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டு வந்து, சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். குறுவட்டச் சான்றிதழும் ஒருநாள் உதவும்.

அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் மூன்று. தோஹாவில் சாந்தி வென்ற வெள்ளியைத் திரும்பப் பெற, இந்திய ஒலிம்பிக் சங்கமும் ஒன்றிய அரசும் ஆசிய ஒலிம்பிக் மன்றத்திடம் முறைப்படி கேட்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கி ஓடும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சத்துணவும் ஷூவும் தர வேண்டும். ஊராட்சி மைதானங்கள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றனவா என்று மாவட்ட நிர்வாகம் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர்ப் பள்ளியில் குறுவட்டப் போட்டி நடக்கும் நாளில் ஒரு வேளைக் கூலி போனாலும் பரவாயில்லை, மைதானத்துக்குப் போங்கள். மணி அடித்ததும் கடைசிச் சுற்றில் உங்கள் மகள் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள்.